கோட்டு போட்ட தாத்தா

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். கொடியில் தாத்தாவின் துண்டு. காய்கிறதா நனைகிறதா தெரியவில்லை. யாரும் எடுக்கவில்லை. நானும்.

தாத்தா போனது போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு. வயது தொண்ணூற்றொன்று. அவர் கணக்கில் எண்பத்தெட்டு. "நடுவுல ஒரு மூணு வருஷம் நான் கவனிக்கல."

இன்றைய வேலை: படம். வரும் ஞாயிறு காரியம். மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். பிறகு அதுதான் சுவரில். இன்னும் பிறக்காதவர்களுக்கு அந்தப் படம்தான் தாத்தா.

அப்பா பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீ படிச்ச பிள்ள. நல்லதா ஒண்ணு பாத்து எடு."

இலக்கியம் படித்தவளுக்கு வீட்டில் கிடைக்கும் வேலைகள்: கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்ப்பது, மருந்துச் சீட்டு வாசிப்பது, இப்போது இது.

நல்லதாக ஒன்றுகூட இல்லை. கண்டவை:

— கொடிமலை ரயில் முன்னால். நாக்கு வெளியே.

— அப்பாவின் கல்யாணம். மாப்பிள்ளை மாலை தாத்தாவின் தலையில், தொப்பி மாதிரி.

— தண்ணீர்மலை. தாத்தாவும் ஒரு குரங்கும். இருவருக்கும் ஒரே முகபாவம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு: "குரங்கு கொஞ்சம் ஒழுங்கா நிக்குது லா."

— என் பட்டமளிப்பு. என் தொப்பிக்குப் பின்னால் இரண்டு விரல் கொம்பு.

— லாயத்தில் ஒரு கறுப்புக் குதிரை. தாத்தா இல்லை. உற்றுப் பார்த்தால் குதிரைக்கு ஆறு கால்.

தாத்தா பார்த்த வேலைகள்: கப்பலில் சமையல் எடுபிடி. பஸ் கண்டக்டர். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர். மூன்று மாதம் சர்க்கஸ் (இதை யாரும் நம்புவதில்லை). மீதிக் காலமெல்லாம் ரேஸ் கோர்ஸில் குதிரைக்காரர். குளிப்பாட்டுவது, தேய்ப்பது, நடத்திக்கொண்டு போவது. ஒருநாளும் பந்தயம் கட்டியதில்லை. "எந்தக் குதிரைக்குக் காலையில வயித்து வலின்னு தெரிஞ்சவன் பந்தயம் கட்டக்கூடாது."

நேராக நிற்கும் படம் ஒன்றே ஒன்று. ஐசியில், அதாவது அடையாள அட்டையில் இருப்பது. தீர்ப்புக்குக் காத்திருக்கும் ஆள் மாதிரி. அதைப் பற்றி அவரே சொன்னது: "அந்த ஆபீசரு சிரிக்காதீங்கன்னாரு. நான் அவரு மூஞ்சியப் பாத்தேன். சிரிப்பு தானா போயிருச்சு."

மதியம் மழை நின்றது. சுங்கை பினாங் ஆற்றின் வாடை எங்கள் மாடி வரை. தாத்தாவின் கட்டிலில் பூனை படுத்திருந்தது. எழுப்பவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வெயில். மூட்டமான வெயில், அக்கரை மலைகள் தெரியவில்லை.

அத்தை பட்டர்வொர்த்திலிருந்து முதல் ஃபெர்ரியில் வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மாமா இல்லை இப்போது. கைப்பையை மேசையில் வைப்பதற்கு முன்பே: "படம் எடுத்தாச்சா?"

டின்னைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குரங்குப் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். கடைசியில் ஐசி அட்டையை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள்.

"இதுதான். ஸ்டூடியோவில குடுத்துப் பெருசு பண்ணு. கோட்டு போட்டுத் தருவாங்க."

கோட்டு. இங்கே பாதி வீடுகளில் உண்டு. தலை மட்டும் அவருடையது. கழுத்துக்குக் கீழே கம்ப்யூட்டர். தோட்டக்காரர், லாரி ஓட்டுநர், கோயில் மணியக்காரர், எல்லாரும் இறந்த பிறகு ஒரே தையற்காரரிடம் கோட்டுத் தைத்துக்கொள்கிறார்கள்.

அப்பா: "அக்கா, அப்பா கோட்டு போட்டதே இல்லியே."

"போட்டதில்லதான். அதுக்கு?"

"பாக்கறவங்க சிரிப்பாங்கக்கா."

"அதான் வேணாங்கறேன். சிரிச்சது போதும்."

அப்பா பால்கனிக்குப் போய்விட்டார். அவர் அக்காவுடன் சண்டை போடுவது எப்போதும் பால்கனியில்தான், தனியாக.

அத்தை என்னிடம் சொன்னாள். முன்பு துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறேன், முழுதாக இன்றுதான். அவள் வாழ்க்கைப்பட்டது யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில். மாமனார் ரயில்வே ஆபீஸில் பெரிய கிராணி, தலைமை எழுத்தர். அந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டுகூட இங்கிலீஷ் பேசும் என்பார் தாத்தா. கல்யாணத்தன்று குழுப்படம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், கோட்டும் டையும். பெண் வீட்டார் ஒரு பக்கம், ரேஸ் கோர்ஸ் ஆட்கள். படக்காரர் எல்லாரையும் நிமிர்ந்து நிற்கச் சொல்லி ஓய்ந்துவிட்டார். தாத்தா நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சத்தம் கொடுத்தார். பந்தயத்துக்கு முன் குதிரைகளை வரிசையில் நிறுத்தக் கொடுக்கும் சத்தம். கிராணிமார் அத்தனை பேரும் சட்டென்று தலையைத் தூக்கி நேராக நின்றார்கள். லாயத்து ஆட்கள் தரையில் விழுந்து சிரித்தார்கள். கேமரா அப்போது பார்த்து அடித்தது.

படத்தில் சிரிக்காத ஒரே ஆள் கல்யாணப் பெண்.

"அதுக்கப்புறம் அந்த வீட்டுல எனக்குப் பேரு கெடையாது, கயல். 'குதிரைக்காரன்ட மகள்.' குதிரைக்காரன்ட மகள் தேத்தண்ணி போட்டுட்டாளா? குதிரைக்காரன்ட மகள் எழும்பிட்டாளா? உங்க தாத்தா ஒரு நிமிஷம் சிரிச்சாரு. நான் எத்தன வருஷம் அந்த வீட்டுல வாயத் தொறந்து சிரிக்கல தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"எங்க வீட்டு ஹால்ல மாமனார் படம் மாட்டிருக்கு. கோட்டு, டை, சங்கிலி வச்ச கடிகாரம். பக்கத்துல அப்பாவ மாட்டப் போறேன். ரெண்டு பேரும் சமமா இருக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

எதிர்த்துச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். ஐசி அட்டையை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா காதர் தாத்தாவுக்குத் தொலைபேசினார். ரேஸ் கோர்ஸ் வாசலில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருந்தவர். தாத்தாவின் பழைய சிநேகிதர், எங்கள் எல்லாரையும்விடப் பழையவர். கைபேசி கிடையாது, மருமகள் வழியாகத்தான் பேச வேண்டும். தாத்தா போன அன்று அலோர் ஸ்டாரில் மகள் வீட்டில் இருந்திருக்கிறார். சேதி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் ஃப்ளாட்டுக்கு அவர் வந்ததே இல்லை. இருவரும் சந்திப்பது கோப்பிக் கடையில், எப்போதும்.

ஸ்பீக்கரில் அவர் குரல்: "மூஞ்சியக்கூடப் பாக்க விடாமப் போயிட்டான்ப்பா. ஞாயித்துக்கெழம வந்துர்றேன். படத்தையாவது பாத்து ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போறேன்."

ஆகஸ்ட் 14, வியாழன்

காற்றே இல்லை. பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஸ்டூடியோ. சீனர், அறுபது வயது இருக்கும், அரைக்கால் சட்டை. மலாயும் தமிழும் கலந்து பேசினார்.

"அப்பாவா? தாத்தாவா?"

"தாத்தா."

"தாத்தான்னா கோட் ஹித்தாம். கறுப்பு. நீலம்னா கொஞ்சம் சின்ன வயசு செத்தவங்களுக்கு."

கம்ப்யூட்டரில் கோட்டுகள் வரிசையாக, தலையில்லாமல், பொறுமையாக. பின்னணி: வானம், சிவப்புத் திரை, நீர்வீழ்ச்சி. திரையைத் தேர்ந்தெடுத்தேன். நீர்வீழ்ச்சிக்கு முன்னால் கோட்டுடன் நிற்பவர் ஏன் நிற்கிறார் என்ற கேள்வி வரும்.

தாத்தாவின் தலை கறுப்புக் கோட்டின் மேல் இறங்கியது. கொஞ்சம் வலதுபக்கம் போய், கொஞ்சம் இடதுபக்கம் வந்து உட்கார்ந்தது.

"கழுத்து சாயுது," என்றார். எலிப்பொறியைத் தொடுவதுபோல் சுட்டியைத் தொட்டார். கழுத்து நேரானது. "ஹா. இப்ப பெரிய மனுசன்."

உண்மை. யாரோ ஒரு நல்ல மனிதர். வங்கியில் இருந்திருக்கலாம். வாழ்க்கையில் ஒருமுறைகூட கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பேத்தியைப் பயமுறுத்தியிருக்க மாட்டார்.

நாளை கிடைக்கும், சட்டத்தோடு.

நேராக வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. ஜெட்டிப் பக்கம் நடந்தேன். கடல் பால் கலந்த மாதிரி. ஃபெர்ரி ஒன்று சத்தமில்லாமல் வந்தது, அல்லது எனக்குக் கேட்கவில்லை. இறங்கியவர்களில் ஒருவர் தாத்தாவின் நடை. வலது தோள் சற்று இறங்கி, பக்கத்தில் ஏதோ பெரிய உடம்பு வருவதுபோல் இடம் விட்டு நடக்கும் நடை. பின்னாலேயே போனேன். பஸ் நிலையத்தில் திரும்பினார். மலாய்க்காரர். கையில் ரொட்டி. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும்.

தாத்தாவின் முகத்தை நினைக்க முயன்றால் நடை வருகிறது. குரலை நினைத்தால் கை வருகிறது. ஒன்றைக் கேட்டால் வேறொன்றைக் கொடுக்கிறார். இருக்கும்போதும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 16, சனி

கனவு. தாத்தா மருத்துவமனைக் கட்டிலில். ஆனால் கட்டில் கடலில். யாரும் பயப்படவில்லை. நர்ஸ் தண்ணீரில் நடந்து வந்து, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். தாத்தா: "வந்துக்கிட்டுதாம்மா இருக்கு. பாலத்துல ஜாம்."

எழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, அந்தப் பேச்சு கனவில்லை. கடைசி வாரம் உண்மையிலேயே அந்த நர்ஸிடம் அப்படித்தான் சொன்னார். அவள் முகக்கவசத்துக்குள் சிரித்ததில் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது.

வேலைகள்: வாழை இலை. வெற்றிலை. நாற்காலி வாடகைக்கு (அப்பா). பாசாரில் மீன், நாளை விடியலில் (அம்மா). தாத்தா குளியலறையில் விழுந்த பிறகு வாங்கிய பிளாஸ்டிக் பாயைத் தூக்கிப் போடலாமா? ("விழலம்மா. தரை கொஞ்சம் அவசரமா மேல வந்துருச்சு.") போட வேண்டாம்.

அத்தை இரவு தங்குவதற்குப் பையோடு வந்தாள். படத்தைப் பிரித்தோம். பெரியது, தங்க நிறச் சட்டம். அப்பா பார்த்துவிட்டுப் பால்கனிக்குப் போனார். அம்மா, "நல்லா இருக்கு," என்றாள், பக்கத்து வீட்டுப் பெண்ணின் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லும் குரலில்.

அத்தை மட்டும் வெகுநேரம் முன்னால் நின்றாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும்.

"அப்பா," என்றாள், மிகவும் மெதுவாக, "இப்பதாம்ப்பா ஒழுங்கா நிக்கிறீங்க."

அதன் பிறகு அந்தப் படத்தைக் கேலியாக நினைக்க முடியவில்லை.

என் கைபேசியில் தாத்தாவின் படங்கள் இருநூறுக்கு மேல். இன்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றுகூடத் தெளிவில்லை. இவ்வளவு நாளும் அவர் ஆடினார் என்று நினைத்திருந்தேன். ஆனால் பின்னால் உள்ள சுவரும் ஆடியிருக்கிறது. ஜன்னலும். பூனையும். அசைந்தது அவரில்லை. எடுத்தவள் சிரித்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலை மேகம். மதியம் சுட்டெரித்தது.

காரியம் ஃப்ளாட்டின் கீழ்த்தளத்தில். நுழைவாயிலில் மேசை, வெள்ளைத் துணி, விளக்கு, படம். மல்லிகை மாலை. ஐயர் நேரத்துக்கு வந்தார், மைக் நேரத்துக்கு வரவில்லை.

வந்தவர்கள் படத்தின் முன் நின்றார்கள், கும்பிட்டார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மிக நல்ல மரியாதை. ஏழாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் என் காதில்: "உங்க தாத்தா லாயராக்கா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

அத்தை சாப்பாட்டு நேரம் வரை வாசலிலேயே நின்றாள், பட்டுச் சேலை, முதுகு நேராக. மாமாவின் சொந்தத்தில் இருவர் வந்திருந்தார்கள். அவர்களில் வயதான அம்மா படத்தைப் பார்த்து, "நல்ல களை," என்றார். அத்தையின் முகம். அதற்காகவே இந்தப் படத்தை இன்னொரு முறை செய்யச் சொன்னாலும் செய்வேன் என்று தோன்றியது, அந்த நேரத்தில்.

முன் வரிசையில் காதர் தாத்தாவுக்கு ஒரு நாற்காலி. மீன் போடாத தனிச் சாப்பாடு எடுத்து வைத்திருந்தாள் அம்மா, அவருக்கு மீன் ஆகாது. படையல் முடிந்தது. சாப்பாடு முடிந்தது. நாற்காலிக்காரர்கள் வந்து ஒவ்வொன்றாக மடக்கினார்கள். அதைக் கடைசியாக மடக்கினார்கள்.

அத்தை: "வரல பாத்தியா. காலமெல்லாம் ஒண்ணாத் திரிஞ்ச ஆளு. ஒரு எட்டு வந்து கும்பிட்டுட்டுப் போக முடியல."

அப்பா: "உடம்பு முடியலயோ என்னமோக்கா."

"உடம்பு முடியலன்னா போன் முடியாதா? அப்பா கோப்பிக் கடையில சொன்ன ஜோக்குக்கெல்லாம் சிரிக்க மட்டும் உடம்பு முடிஞ்சுது."

படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைசி ஃபெர்ரிக்கு முன்னால் கிளம்பிவிட்டாள். மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து.

ஆகஸ்ட் 18, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். தொழிற்சாலை பஸ், பாலம், அக்கரையில் புக்கிட் தெங்கா. பாலத்தில் ஜாம். ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் அழுதேன். பக்கத்தில் இருந்த அக்கா ஒன்றும் கேட்காமல் ஒரு மிட்டாய் கொடுத்தாள். இஞ்சி.

ஆகஸ்ட் 20, புதன்

வேலை முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்தேன், தொலைபேசி. காதர் தாத்தா, மருமகளின் எண்ணிலிருந்து. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்ப்பா, ஒரு மனுசனுக்கு எடத்தச் சரியாச் சொல்ல மாட்டீங்களா?"

"என்ன மாமா, வரலயேன்னு எல்லாரும்..."

"வரலயா? டாக்சி புடிச்சு வந்தேன். நீ சொன்ன பிளாக்குதான். எறங்கிப் பாக்கறேன், கீழ காரியம் நடக்குது. சரின்னு கிட்ட வந்தேன். வாசல்ல யாரும் இல்ல, எல்லாரும் உள்ள சாப்பாட்டுல. பாத்தா வேற ஆளு."

"வேற ஆளா?"

"எவரோ வக்கீலு மாதிரி. கோட்டு போட்டு. பாவம், நல்ல மனுசன் போல. நமக்குத் தெரியாத துக்கத்துல போயி நிக்கறது நல்லா இல்லன்னு ஒரு சலாம் வச்சுட்டு அடுத்த பிளாக்குக்குப் போனேன். அங்க ஒண்ணும் இல்ல. அதுக்கடுத்த பிளாக்கு. அங்க ஒரு கல்யாண வேல. உங்க அப்பன் அங்கதான் இருப்பான்னு அதையும் எட்டிப் பாத்தேன்ப்பா. வெயிலு மண்டையப் பொளக்குது. வந்துட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலைமுடியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தேன்.

"மாமா," என்றார் அப்பா, "அந்த வக்கீலு அப்பாதான்."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம். பிறகு ஒரு பாத்திரம் விழும் சத்தம்.

"நா அவன் முன்னாலயா நின்னேன்?"

"ஆமா மாமா."

"அவனுக்கு சலாம் வச்சுட்டுத் திரும்பி வந்துட்டனா?"

முதலில் சிரிக்கிறார் என்று நினைத்தேன். மருமகள் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். பிறகு பேசுகிறேன் என்றாள்.

இரவுச் சாப்பாட்டில் அம்மா: "அண்ணிகிட்டச் சொல்லாதீங்க. தாங்க மாட்டாங்க."

அப்பா: "சொல்லலன்னா அக்கா காதர் மாமாவ ஊரெல்லாம் திட்டிக்கிட்டு இருக்கும்."

இரண்டும் சரி. கையில் சோறு காய்ந்துபோகும்வரை உட்கார்ந்திருந்தோம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறவில்லை. பட்டர்வொர்த் பஸ். சொல்ல வேண்டியது நான்தான். படத்தைச் செய்துகொண்டு வந்தவள் நான்.

அத்தையின் ஹால். எப்போதும் கொஞ்சம் குளிர்ச்சி, கொஞ்சம் இருட்டு, மரச்சாமான் மெழுகு வாசனை. சுவரில் இரண்டு பேர். கிராணித் தாத்தா, கோட்டு, சங்கிலி. பக்கத்தில் எங்கள் தாத்தா, கோட்டு, சிவப்புத் திரை. ஒரே உயரத்தில் ஆணி. அளந்து அடித்திருக்கிறாள்.

தேத்தண்ணீர் தந்தாள். குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். டாக்சி, வக்கீல், சலாம், வெயில்.

அத்தைக்கு வகுப்பில் பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்கும் முகம். முடிந்ததும் எழுந்து சுவருக்கு எதிரே போய் நின்றாள்.

"சலாம் வச்சாராமா?"

"ஆமா அத்தை."

"தெரியாத மனுஷனுக்கு வைக்கிற சலாம்."

வெளியே ஐஸ்கிரீம்காரனின் மணி, நெருங்கி, தாண்டி, தேய்ந்தது.

"நானும்தான் கயல்," என்றாள். திரும்பவில்லை. "தெனம் காலையில வெளக்கேத்துறேன். இன்னும் அப்பான்னு வாயில வரல. வந்துரும் வந்துரும்னு இருந்தேன்."

தேத்தண்ணீரைக் கீழே வைத்தேன்.

"சமமாத்தான் இருக்காங்க ரெண்டு பேரும். பாரேன். யாரோட அப்பா யாருன்னே தெரியல."

கிராணித் தாத்தாவை அத்தையின் கண்களால் பார்க்க முயன்றேன். அவரும் பாவம். யாரோ அவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் ஏறுகிறேன் என்றேன். விடவில்லை. அறுபத்தாறு வயதில் தானே ஏறி, தானே இறக்கினாள். சட்டத்துக்குப் பின்னால் சுவரில் அதற்குள் ஒரு பல்லி குடிவந்திருந்தது.

"நாளைக்கு அந்த ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போ."

கடைசி ஃபெர்ரி. மேல்தளத்தில் என்னைத் தவிர ஒரு ஜோடி. ஜார்ஜ் டவுன் விளக்குகள் தண்ணீரில் நீண்டு கிடந்தன, தொட்டால் அழிந்துவிடும்போல. தொட யாருமில்லை. வந்துகொண்டே இருந்தோம்.

ஆகஸ்ட் 23, சனி

புழுக்கம். சீனர்களுக்குப் பேய் மாதம் தொடங்கிவிட்டது. சந்து முனையில் ஊதுபத்தி, ஆரஞ்சு, சின்னக் கிண்ணங்களில் சோறு. இறந்தவர்கள் வெளியே நடமாடும் நாள்கள். ஸ்டூடியோ வாசற்படியிலும் ஒரு தட்டு. தாண்டிப் போனோம், மிதிக்காமல்.

வரும் வழியில் அத்தை சொன்னாள், காலையில் காதர் தாத்தாவிடம் பேசினாளாம். மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா என்றாளாம். அவர் சொன்னது: "நீ எதுக்கும்மா. அவன் என்னை ஏமாத்தறதுக்குச் செத்த பொறகும் வேஷம் போட்டுருக்கான்."

ஸ்டூடியோக்காரர் படத்தைத் திரையில் திறந்தார். அத்தை அவர் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கோட்ட எடுக்கணும்."

"எடுக்கலாம் ஆண்டி. ஆனா உள்ளே கோசோங்." எங்களைப் பார்த்தார். "காலி. உள்ளே ஒண்ணும் இல்ல. ஐசி படத்துல தலை மட்டும்தான். நான் உடம்பு எங்கே போய்த் தேட?"

கோட்டை எடுத்துக் காட்டினார். சிவப்புத் திரை முன்னால் தாத்தாவின் தலை மட்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை திரும்பி முறைத்தாள்.

"கழுத்து சாஞ்சு இருக்கும். முன்ன மாதிரி வைங்க."

சாய்த்தார்.

"சட்டை ஒண்ணு போடுங்க. நீலம். ரொம்ப நீலம் இல்ல, தோச்சுத் தோச்சு வெளுத்த நீலம்."

பாஸ்போர்ட்டுக்கு வந்த யாரோ ஒருவரின் நீலச் சட்டை கிடைத்தது. நிறத்தைக் குறைத்தார். இன்னும் என்றாள். குறைத்தார். மேல் பித்தான் திறந்திருக்கும் என்றாள். திறந்தார். சட்டைக்குள் தாத்தா மெதுவாக வந்து உட்கார்ந்தார்.

அத்தை இன்னும் திருப்தியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என்னிடமில்லை, அந்த மனிதரிடம், தமிழும் மலாயுமாக:

"எனக்குப் பதினோரு வயசு. ஸ்கூல்ல பரிசு குடுக்கற நாளு. எங்கப்பா லாயத்துல இருந்து நேரா வந்துட்டாரு. இதே சட்டை. காலர் ஒரு பக்கம் இல்ல. டீச்சர் கேட்டாங்க, மிஸ்டர், காலர் எங்கேன்னு. எல்லாரும் பாக்கறாங்க. நான் நாற்காலிக்கு அடியில போயிரலாமான்னு இருக்கேன். அப்பா சொன்னாரு..."

நிறுத்தினாள். தொண்டையைச் செருமினாள். அடுத்து வந்த குரல் அவளுடையதில்லை. கொஞ்சம் கரகரப்பு, வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி.

"'என்கூட வேல பாக்கறவரு சாப்ட்டுட்டாரு, டீச்சர். நல்லவருதான். காலையில பசி.'"

ஸ்டூடியோக்காரருக்கு ஒரு நொடி ஆனது. "குதிரையா?" என்றார். "குதிரை காலரைத் தின்னுடுச்சா?" மேசையைத் தட்டிச் சிரித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். அவருக்குச் சீனத்தில் சொன்னார். அவரும்.

அத்தை சிரிக்கவில்லை. உதடு மட்டும் எங்கோ போய்க்கொண்டிருந்தது. "எந்தப் பக்கம்?" என்று அவர் கேட்டார்.

"வலது பக்கம். அவரு வலது. அந்தப் பக்கம்தான் குதிரை நிக்கும்."

அவர் படத்தைப் பெரிதாக்கினார். திரை முழுவதும் காலர், மங்கிய நீலம், ஒரு சின்ன வானம். அழிப்பானை எடுத்தார். நுனியில் கொஞ்சம் அழித்தார். திரும்பிப் பார்த்தார்.

"இன்னும்," என்றாள் அத்தை. "அவ்வளவு நாசூக்கா கடிக்காது. நல்லா இழுத்துக் கடிங்க."